இன்னும் ஒரு மாசம்

மொரெனிகேயால் அன்று காலை ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. நடந்தால் மாமியார் பார்த்துவிடுவாள். அதனால் துணி காயப்போடுகிற சாக்கில் கொல்லைக்கும் வாசலுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். காய்ந்த ஒரே சட்டையைக் கொடியிலிருந்து எடுப்பதும் மறுபடி போடுவதுமாக இருந்தாள்.

பிள்ளை பிறக்க வேண்டிய நாள் போன வாரமே வந்து போய்விட்டது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கட்டின புருஷன் கோலாபோ உட்பட மற்ற எல்லாரையும் பொறுத்தவரை, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

அவர்கள் ஊரான அபெயோகுட்டாவில் வாயும் வயிறுமாக இருப்பவள் எவளும் சரியான நாளை வெளியே சொல்ல மாட்டாள். கேட்பதே மரியாதையில்லை. அப்படியும் யாராவது கேட்டுவைத்தால் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவைப்பார்கள். ஊர்க்கண் அந்த நாளில் போய் உட்காரக் கூடாது பாருங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் போய் அதே பொய்யைச் சொல்லிவைத்தவள் இவளாகத்தான் இருக்க வேண்டும். பயம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

அந்தப் பயமும் சும்மா வந்ததில்லை. மூத்தவள் தீத்தோ வயிற்றில் இருந்தபோது துணிக்கடை வைத்திருக்கும் மாமியார் இயா கோலா சபையில் எழுந்து நின்று, இன்ன தேதியில் என் மருமகளுக்குப் பிரசவம், எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள் என்று அறிவித்துவிட்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த நாள் விடிந்ததிலிருந்து ஃபோன். ஆச்சா, இன்னும் இல்லையா, ஏன் இல்லை? லேகோஸிலிருந்து நாத்தனார் வூரா ஒருத்தியே ஊர்ப்பட்ட தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் வந்துகொண்டிருந்த வலி பயந்து உள்ளே போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் தள்ளிக்கொண்டு போய் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது கோலாபோ. மொரெனிகேயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வேறு, "தானா பெத்தாளா, கிழிச்சா எடுத்தாங்க?" என்று அவள் காதுபடவே விசாரித்தார்கள். பைபிளில் வருகிற எபிரேயப் பெண்களைப் போலக் கத்திபடாமல் பெறவேண்டும் என்று சபையில் ஜெபிக்கும்போதெல்லாம் அவள் வாயில் ஆமென் வராது.

இந்தத் தடவை தானே பெற்றுவிட வேண்டும். கத்தி பட்ட வயிறானாலும் முயன்று பார்க்க விடுகிறவர் என்று டாக்டர் அடெசுயி அம்மாவைத் தேடிப் போனாள். வலி தானாக வரவேண்டும், பிள்ளை ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது என்று டாக்டர் நிபந்தனை போட்டார். எல்லாம் சரிதான். ஆனால் அங்கே விவரம் எழுதிக்கொண்ட நர்ஸ் இபிரோங்கே, மாமியாரின் சபையில் பாட்டுக்குழுவை நடத்துகிறவள். அவள் காதில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் போய்விடும். அவள் தேதி கேட்டதும் மொரெனிகே வாயைத் திறந்தாள், ஒரு மாதத்துக்கும் மேலே தள்ளி வந்து விழுந்தது. ஸ்கேனுக்கும் காலம் கடந்தே போனதால் அதில் நாள் துல்லியமாகத் தெரியவில்லை.

சொன்ன பொய்க்குத் தகுந்த மாதிரி வாழ வேண்டியிருந்ததுதான் கொடுமை. சுகப்பிரசவத்துக்கு நடக்கச் சொன்னார்கள், நடந்தால் மாமியார், "இப்பவே ஏன் இப்படி அலையுற? பிள்ளை இறங்கிடும்" என்று பிடித்து உட்காரவைத்தாள். வழவழவென்று வெண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டால் பிள்ளை லேசாக வரும். வீட்டில் அது கண்ணிலேயே படாது, இன்னும் நாள் இருக்கிறதாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் திருட்டுத்தனமாக ஆமாலா களியோடு சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். குந்தி எழுகிற பயிற்சியைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். மூச்சை இழுத்து விடப் பழகும்போது மாமியார் இளைப்பு என்று நினைத்துத் தைலத்தோடு ஓடிவந்தாள்.

அன்று ஆஸ்பத்திரி நாள். மாமியாரும் கூடவே கிளம்பினாள். வழக்கம்போல டாக்டர் வரும்வரை கர்ப்பிணிகள் எல்லாரும் கைதட்டிப் பாடிக்கொண்டே இடுப்பை ஆட்டி ஆடினார்கள். பாட்டை எடுத்துக்கொடுத்தவள் இபிரோங்கே. மொரெனிகேயும் ஆடினாள், ஆனால் மனம் பாட்டில் இல்லை.

டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், நாடாவை வைத்து அளந்தார், மறுபடி அளந்தார்.

"பிள்ளை பெரிசும்மா. இப்பவே இவ்வளவுன்னா இன்னும் ஒரு மாசத்துல எங்க போய் நிக்கும்? அந்தத் தழும்பு தாங்காது. ரெண்டு வாரத்துல ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. பிள்ளை பெரிதில்லை, நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மேஜையில் இபிரோங்கே, பெஞ்சில் மாமியார். நாள் தாண்டிவிட்டது என்று சொன்னாலும் கத்திதானோ என்னவோ. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கைதட்டல் கேட்டால் உள்ளே இருக்கிறது சும்மா இருக்காது. வாராவாரம் அந்தப் பாட்டுக்கு அது உதைக்கிற உதையில் இவள் பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். இன்று உதைக்கவில்லை. காலையிலிருந்தே உதைத்ததாக நினைவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"அம்மா, இறங்குங்க," என்றாள்.

மாமியார் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அறையில் வேறொருத்தி படுத்திருந்தாள். இபிரோங்கே தடுத்தாள். மாமியார் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து நின்றாள். யார் இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது மொரெனிகேக்கு.

"டாக்டர், பிள்ளை பெரிசில்ல. நாள் தாண்டிடுச்சு. நான் தேதியைப் பொய்யா சொன்னேன். இப்ப அது அசைய மாட்டேங்குது."

டாக்டர் திட்டிய திட்டையெல்லாம் எழுதினால் காகிதம் தாங்காது. திட்டிக்கொண்டே அவளைப் படுக்கவைத்தார், திட்டிக்கொண்டே வயிற்றில் கருவியை வைத்தார், பிறகு சட்டென்று திட்டுவதை நிறுத்திவிட்டார். கருவியை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். அப்புறம் தடதடவென்று கேட்டது. பிள்ளையின் இதயம் நல்ல வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அசதியில் தூங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கையைக் கழுவிவிட்டு உள்ளே சோதித்தார். கருப்பை வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவள் திருட்டுத்தனமாக நடந்த நடை வீணாகவில்லை. பனிக்குடத்தை உடைத்துவிட்டுப் பார்க்கலாம், ஆனால் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும், துடிப்பு இறங்கினால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது என்றார்.

"பேச மாட்டேன். ஆனா என்கிட்ட கேளுங்க," என்றாள் மொரெனிகே. "நானே சொல்றேன், கொண்டு போங்கன்னு."

மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா சபைக்கே சொன்ன மாதிரிம்மா. போன தடவை ஊரே கூடி என்னைப் பெக்க விடல."

இயா கோலா முகத்தில் அறைந்த மாதிரி நின்றாள். தலைத்துணியை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள், வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டாள். போகும்போதே கைப்பையில் ஃபோனைத் தேடினாள். போச்சு, இனி சபைக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று மொரெனிகே கண்ணை மூடிக்கொண்டாள்.

வலி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இடுப்பை ஆட்டினாள். ஆனால் காது மட்டும் வெளியே இருந்தது. ஒவ்வொரு வலிக்கும் நடுவே ஃபோன் மணிக்காகக் காத்திருந்தாள். வலி தளர்வது போலிருந்தது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மணி அடித்தது. கண்ணாடிப் பலகை ஜன்னல் திறந்திருந்ததால் மாமியார் குரல் அப்படியே உள்ளே வந்தது.

"யாரு, வூராவா? அவளுக்கு என்ன, வீட்ல காலை நீட்டிப் படுத்திருக்கா. இல்லடி, இன்னும் ஒரு மாசம் இருக்கே."

மொரெனிகே கம்பியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வராந்தாவில் இபிரோங்கே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் அவளையும் பிடித்துக்கொண்டாள். "இந்தா இபிரோங்கே, ஒரு வார்த்தை வெளிய போச்சு, உங்க பாட்டுக்குழுவுக்கு வெச்சிருக்கிற துணியை வேற ஆளுக்கு வித்துடுவேன், பாத்துக்க." கோலாபோவுக்காவது சொல்லலாமே என்றாள் அவள். "அவன் வாய் என் வாய்டி. அப்புறம் சொல்லிக்கலாம்."

மொரெனிகேக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வலி பிடித்தது, அது உள்ளே ஓடி ஒளிகிற வலியில்லை. அதன்பிறகு ஃபோன் எத்தனையோ தடவை அடித்தது. அவள் கவனிக்கவில்லை. ஒருமுறை துடிப்பு இறங்கியது. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க, போயிடலாம்," என்றாள் அவள், மனசாரத்தான் சொன்னாள். டாக்டர் அவளை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிக் கருவியிலேயே கண்ணாக இருந்தார். துடிப்பு மேலே ஏறியது. முக்கு என்றார்.

ஆண்பிள்ளை. பெரிதெல்லாம் இல்லை, அளவான பிள்ளை. தொண்டை மட்டும்தான் பெரிது. ஈரத்தோடு அவள் மார்பில் போட்டதும் கட்டடமே அதிர அழுதது. மொரெனிகேயும் அழுதாள்.

வெளியே வூரா மறுபடி கூப்பிட்டிருக்க வேண்டும்.

"எந்த அழுகை?" என்றாள் இயா கோலா. "அதுவா, பக்கத்து வீட்டுக் குழந்தைடி. எப்பப் பாரு அழுதுகிட்டே இருக்கும்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. எதிர்முனையில் என்ன கேட்டாளோ.

"நான் எங்கடி அழுறேன்? வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன். ஃபோனை வையி."