நாலு மணி லைவ்

“கதவைத் தொறடி. உள்ள என்ன பண்ற?”

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. தாய் தோளால் மோதினாள், தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது.

பதினொரு வயது மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போய் மேல்மூச்சு வாங்கியது. தாய் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் இடுப்பு பெல்ட்டை இரண்டு சுற்றாகத் தன் வயிற்றில் இறுக்கியிருந்தாள்.

தாய் அதை அவிழ்த்தாள். சிவந்த தடம். அதற்கு மேலே விலா எலும்பை எண்ணிவிடலாம். தினமும் பார்க்கும் பிள்ளை. எப்படிக் கண்ணில் படாமல் போனது?

“மத்தியானத்துக்குக் கட்டிக் குடுக்கறத என்ன பண்ற?”

“பக்கத்துல உக்கார்ற பிள்ளைக்குக் குடுத்துடுவேன்.”

“ஏன் கண்ணு?”

“உன் லைவ் பாக்கறேன்மா. கீழ எழுதறாங்கல்ல... பீப்பாய்னு. நான் உன்னைய உரிச்சு வெச்சிருக்கேன்னுதானே எல்லாரும் சொல்றாங்க.”

தாய்க்குத் துணிக்கடையில் வேலை. தினமும் நாலு மணிக்குப் புது உடுப்புகளைப் போட்டு ஃபோன் முன்னால் நின்று நேரலையில் காட்ட வேண்டும். வயிறு தெரியாமலிருக்க அந்த பெல்ட்டை முதலாளியம்மாதான் கொடுத்தாள். கேலியைப் படித்தும் படிக்காதவள்போல் சிரிக்கப் பழகியிருந்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

சொல்லாமல் லீவு போட்டால் வேலை போய்விடும். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். பெல்ட் கட்டாமல் லைவில் நின்றாள். முதல் நிமிடத்திலேயே வந்தது: ‘அக்கா, எத்தனை மாசம்?’

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அதை உரக்கப் படித்தாள்.

“மாசமா இல்லைங்க. பிள்ளை பெத்த வயிறு. இதுக்கும் இந்த உடுப்பு பொருந்துது, பாத்துக்குங்க.” ஃபோனை நேராகப் பார்த்தாள். “என் பொண்ணு பாத்துட்டிருக்கா. எழுதறத யோசிச்சு எழுதுங்க.”

ஃபோனுக்குப் பின்னால் முதலாளியம்மாவின் முகம் கறுத்தது. பிறகு ஆர்டர்கள் வரத் தொடங்கின. ஒன்று, பத்து, நாற்பது.

லைவ் முடிந்ததும் முதலாளியம்மா அவள் தோளைத் தட்டினாள். “பிச்சுக்கிட்டுப் போகுது. நாளைக்கும் இதையே பேசு. கொஞ்சம் அழுதா இன்னும் எடுபடும். பொண்ணையும் கூட்டிட்டு வந்துடு.”

“நாளைக்கு லீவு வேணும்மா. அவள டாக்டர்கிட்ட காட்டணும்.”

“உடம்புக்கு என்ன?”

“தன் உடம்பப் பாத்துதாம்மா பயந்து சாப்பிடாம இருக்கா. அவ இங்க வரமாட்டா. நானும் அழமாட்டேன்.”

குரல் நடுங்கியது. அதை மறைக்க முயலாமல், தன் பழைய உடுப்பை எடுத்துக்கொண்டு மாற்றப் போனாள்.