ஊர் வாங்கிக்கொண்ட விரிசல்

“இதுல கொஞ்சம் நான் வாங்கிக்கட்டுமாம்மா?” என்று கல்பாலத்தின் விரிசலில் விரலை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி கேட்டாள். அளவெடுக்கும் மும்முரத்தில் இருந்த அவளுடைய அம்மா, “வாங்கிக்கோ, வாங்கிக்கோ” என்றாள். மறுநாள் காலையில் சிறுமி பால் குடிக்கும் பீங்கான் கோப்பையில், விளிம்பிலிருந்து அடிவரை வளைந்து வளைந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. பாலத்தின் விரிசல் ஒரு சாண் குறைந்திருந்தது. கோப்பை ஒழுகவில்லை. அந்த ஊரில் விரிசலைப் பங்கு போட்டுக்கொண்ட காரியம் இப்படித்தான் தொடங்கியது.

சிறுமியின் அம்மாவை ஊரில் எல்லோரும் பாலத்தக்கா என்று கூப்பிட்டார்கள். பாலத்தையும், அதன் அடியில் ஓடும் ஆற்றையும், ஆற்றின் நடுத்திட்டில் கூடு கட்டும் நாரைகளையும் சேர்த்து உலகச் சபை பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருந்தது. ஆறாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் தன்னிடம் உள்ள இடங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்தச் சபைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த இடத்துக்கான அறிக்கையை எழுதுகிற வேலை பாலத்தக்காவுடையது. பாலத்தின் ஓரத்தில், ஒரு காலத்தில் சுங்கம் வசூலித்த இரண்டு அறைகள்தான் அலுவலகம். ஒன்றில் அளவுக் கருவிகளும் நனைந்த குடைகளும் இருந்தன. இன்னொன்றில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, மூன்றாவது வளைவை நேராகப் பார்க்கும் ஒரு ஜன்னல். அந்த வளைவில்தான் விரிசல். உச்சிக்கல்லில் தொடங்கி நீர்மட்டம் வரை இறங்கியது. அகலமான இடத்தில் ஒரு கை உள்ளே போகும்.

பொறியாளர்கள் வந்து பார்த்து, வளைவைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும் என்றார்கள். பிரித்துக் கட்டினால் பாலம் இருக்கும், ஆனால் அந்தப் பழைய பாலம் இருக்காது. பிரிக்காமல் விட்டால் சபை அதை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கும், அடுத்த கூட்டத்தில் பெயரையே நீக்கும். அந்த ஊருக்குத் துறைமுகம் கிடையாது, ஆலை கிடையாது, பெரிய மனிதர் யாரும் அங்கே பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்து வரைபடத்தில் ஊரின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. பாலத்தின் புண்ணியத்தில் அதன் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரமும் இருந்தது. பிள்ளைகள் அந்த நட்சத்திரத்தைத் தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது. ஊருக்கு இருந்த பெருமை அவ்வளவுதான், அதுவும் போகிற நேரம் வந்திருந்தது.

ஆகவே கோப்பைச் செய்தி பரவியதும் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. முதலில் முடிதிருத்துபவர் வந்து கல்லைத் தொட்டுக் கேட்டார். அவர் கடைக் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அதன்பின் வாடிக்கையாளர்களின் முகம் இரண்டு பாதியாகத் தெரிந்தது. கூலியை அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரொட்டிக்கடைக்காரருக்குக் குதிகாலில் விழுந்தது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் தனித்தனியாக வந்து கேட்டுப் போனார்கள்; இரண்டு பங்கும் அவர்கள் வீட்டு நடுச்சுவரில் ஒரே கோடாக விழுந்தது. ஒருநாள் அந்த வழியாக அண்ணன் வீட்டு விளக்கு வெளிச்சம் தம்பி வீட்டுத் தரையில் விழுந்தது. தம்பி அதைத் துணி வைத்து அடைக்கவில்லை. பள்ளிக்கூடம் தன் பங்கைக் கேட்டபோது மணியில் விழுந்தது. அன்று முதல் ஒரு அடிக்கு இரண்டு ஓசை.

சில நாட்களில் முறை பிடிபட்டுவிட்டது. வாய்விட்டுக் கேட்க வேண்டும், மனசாரக் கேட்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு சாண்தான். எங்கே விழும் என்பது பாலத்தின் விருப்பம். நகராட்சித் தலைவர் புகைப்படக்காரரோடும் மாலையோடும் வந்து, “எனக்குப் பத்து பங்கு!” என்று உரக்கக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. “பாலத்துக்கு இன்னிக்குக் காது கேக்கலையோ என்னவோ தலைவரே” என்று முடிதிருத்துபவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது. மறுநாள் தலைவர் ஒற்றை ஆளாக, சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடாமல் வந்து, மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். முன்பல்லில் விழுந்தது. அதுவரை வாயை மூடிச் சிரித்தவர் அன்றிலிருந்து வாய் நிறையச் சிரித்தார். அடுத்த தேர்தலில் அதனாலேயே ஜெயித்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு.

பாலத்தக்கா மட்டும் கேட்கவில்லை. நிலைமையை அறிக்கையிடுகிறவர் அந்த இடத்தில் பங்குதாரராக இருக்கக்கூடாது என்பது விதி. தினமும் காலையில் கல்லைத் தடவிப் பார்ப்பாள், குறைந்த சாண்களை அளப்பாள், ஊருக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். எல்லா வீடும் வாங்கிய பிறகு உச்சிக்கல்லில் ஒரே ஒரு சாண் மிஞ்சியது. மற்றவற்றைவிட ஆழமானது. அதன் கறுப்பைப் பார்த்தாலே தொடப் பயமாக இருக்கும். அறிக்கை அனுப்ப வேண்டிய வாரத்தில் ஒரு காலை, அதையும் காணவில்லை. பாலத்தக்கா கல்லில் கன்னத்தை வைத்து அழுதாள். பிறகு உள்ளே போய், விரிசலை ஊரார் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்றும், “கடைசிச் சாண் தானாகவே மூடிக்கொண்டது” என்றும் எழுதினாள்.

தலைநகரத்திலிருந்து துணைச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? அறிக்கை கேட்டா கதை அனுப்பியிருக்கீங்க?”

“நடந்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்.”

“சுண்ணாம்புக் கலவை போட்டு அடைச்சோம்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சு போச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?”

“சுண்ணாம்பு போடலையே சார்.”

“நாடு முழுக்க நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டும் சார். எங்க தலைவர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறாரு, அதைவிடவா?”

துணைச் செயலாளர் அறிக்கையை இன்னொரு முறை படித்தார். அவரும் ஒரு சிற்றூரில் பிறந்தவர்தான். “சரி, உங்க கையெழுத்து, உங்க பொறுப்பு” என்று அறிக்கையை ஓர் எழுத்து மாற்றாமல் அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் அதை அவர் தன் உத்தியோகத்தின் நல்ல காரியங்களில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டார்.

சபை இரண்டு பேரை அனுப்பியது. வந்த ஆண் மரச் சுத்தியலால் வளைவைத் தட்டி, கல்லில் காதை வைத்து, புதுக் குடத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார். வந்த பெண், விரிசல் இப்போது எங்கே என்று கேட்டார். பாலத்தக்கா அவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். ரொட்டிக்கடைக்காரர் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக் குதிகாலைக் காட்டினார். சிறுமியின் கோப்பையில் சபையிலிருந்து வந்த பெண் தண்ணீர் வாங்கிக் குடித்து, கோட்டை விரலால் தடவி, திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார். சபையின் முடிவு அடுத்த ஆண்டு வந்தது. பாலம் நல்ல நிலையில் இருக்கிறது. விரிசல் அந்த இடத்துக்குச் சொந்தமானது என்பதால், அது இப்போது எங்கெல்லாம் இருக்கிறதோ அவையும் பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சேர்ந்தவையே. கண்ணாடி, கோப்பை, மணி, நடுச்சுவர், பல், குதிகால் ஆகியவற்றை முன் அனுமதி இன்றிப் பழுதுபார்க்கவோ மாற்றவோ கைமாற்றவோ கூடாது. கூட்டத்தில் பாலத்தக்காவின் கடைசி வரியைச் சபைத் தலைவர் இரண்டு முறை வாசித்தாராம். தானாகவே மூடிக்கொண்டது என்றபோது மண்டபமே எழுந்து நின்றதாம்.

ஊருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரொட்டிக்கடைக்காரர் களிம்பு பூசக்கூட மனுப் போட்டார். அவர் மனைவி, “உலகப் புகழ் குதிகாலு, கொஞ்சம் ஓரமா நகருங்க, கூட்டணும்” என்று தினமும் காலையில் சொன்னார். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அடுத்த வரைபடத்தில் நட்சத்திரம் சற்றுப் பெரிதாக அச்சானது. அந்த வரியை எழுதியவள் என்று பாலத்தக்காவைக் கடைவீதியில் கைகாட்டினார்கள். அவளும் நிமிர்ந்துதான் நடந்தாள். நல்லது நடந்த ஊரில் நிமிர்ந்து நடப்பது பாவமில்லை.

அந்த ஆண்டுகளில் ரயில் நிலையத்தின் குரல் மாறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஆற்றின் அக்கரையில் நிலையம். அங்கே அறிவிப்புச் சொன்னவளை மைக்கம்மா என்பார்கள். அவள் ரயில் தாமதம் என்று சொன்னால்கூட, காத்திருப்பதே நல்லதுபோலத் தோன்றும். பாலத்தில் நடப்பவர்கள் அந்தக் குரலுக்காகவே சற்று நிற்பார்கள். அடுத்த அறிக்கைக் காலம் நெருங்கியபோது, ஒரு பெட்டியை அனுப்புவதற்காகப் பாலத்தக்கா நிலையத்துக்குப் போனாள். பெட்டி எடை போடும் அறையில் மைக்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

“நீ ஏம்மா இங்க? மைக்குல யாரோ பையன் பேசறானே?”

“தொண்டை போச்சுக்கா.” ஒரு சொல்லே இரண்டாகப் பிளந்து, மேல்பாதி ஒருவர்போலவும் கீழ்ப்பாதி வேறொருவர்போலவும் வந்தது.

பாலத்தக்கா ஆறாண்டுகளாக விரிசலைப் பார்த்துப் பழகியவள். கேட்டும் கண்டுபிடித்தாள். “உங்க வீட்டுப் பங்கு வாசப்படியிலதானே விழுந்துச்சு? நானே வந்து அளந்தேனே. இது எது?”

மைக்கம்மா எடைத்தட்டைத் துடைத்தாள். “அது மேல ஒண்ணு மிச்சம் கெடந்துச்சே. எல்லா வீடும் எடுத்தாச்சு, உங்க வீட்டுப் பாப்பா எடுத்தது பாப்பாவோட பங்கு. உங்க பங்குதான் பாக்கி. உங்களுக்குத்தான் விதி இடம் குடுக்கலையே. சரி, அக்காவுக்காக நாம எடுப்போம்னு கேட்டுட்டேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா அறிக்கையில எழுதிருவீங்க. அப்புறம் நான் ஒரு இருமல் மருந்து குடிக்கணும்னாலும் உலகச் சபை கையெழுத்துப் போடணும். வேணாம் சாமி!” என்று அவள் இரண்டு குரலிலும் சிரித்தாள். பிறகு, “பாலம் நிக்குதுல்லக்கா? அது போதும்” என்றாள்.

பாலத்தக்கா பெட்டியை அனுப்ப மறந்து வீட்டுக்கு வந்தாள். மண்டபம் எழுந்து நின்ற வரி பொய் வரி என்பது ஒன்று. தெரியாமல் எழுதியதுதான், திருத்திவிடலாம். அவளுக்கு வந்த கௌரவமெல்லாம் இன்னொருத்தியின் தொண்டையிலிருந்து எடுத்தது என்பது இன்னொன்று. அதைத் திருத்துவதற்கு அறிக்கையில் இடமில்லை. அந்த வாரமே சபையிலிருந்து அழைப்பும் வந்திருந்தது: மற்ற நாடுகளின் இடங்களைப் பார்வையிடும் குழுவில் அவள் சேர வேண்டும், ஆண்டுதோறும் மண்டபத்தில் அவளே வாசிக்க வேண்டும். அவள் மகள், இப்போது வளர்ந்துவிட்டவள், அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். பங்குதாரர் யாரும் அந்தக் குழுவில் இருக்க முடியாது.

புதிய அறிக்கையில் பாலத்தக்கா எழுதினாள்: சென்ற முறை எழுதிய கடைசி வரி தவறு. அந்தச் சாணை ஒருவர் வாங்கிக்கொண்டார். தன் பெயர் வருவதை அவர் விரும்பவில்லை. அதைக் கையெழுத்திட்டு அனுப்பினாள். அழைப்புக்கு, வீட்டு வேலை இருக்கிறது என்று பணிவாகப் பதில் எழுதினாள். அலுவலகத்தின் சாவியையும் அளவுக் கருவிகளையும் தனக்கு அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்து, குடைகளில் எது ஒழுகும் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “நீ எதையோ மறைக்கிற, ஆனா தப்பு பண்றவ மூஞ்சி இல்ல இது” என்று சொல்லிவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

எல்லோரும் வேலையில் இருக்கும் ஒரு வெயில் மதியம் பாலத்தக்கா மூன்றாவது வளைவுக்கு மேலே போனாள். புதியவர் உள்ளே யாருக்கோ தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாலத்தில் ஆளில்லை. நாரைகள்கூடத் திட்டின் மறுபக்கம் மீன் தேடிப் போயிருந்தன. அவள் குனிந்து உச்சிக்கல்லில் கை வைத்தாள். மந்திரம் எதுவும் இல்லை. கடன் கேட்க வந்த வீட்டு வாசலில் நிற்கிறவள்போலத்தான் பேசினாள்.

“அது என் பங்கு. இத்தனை நாளா வேற ஒருத்தி சுமந்துட்டா. எங்கிட்ட குடுத்துடு.”

கல்லில் ஒரு கணம் பழைய கறுப்புக் கோடு தெரிந்தது. மூச்சு விடுகிற நேரத்தில் மறைந்தது. அக்கரையில், எடை அறையிலிருந்து மைக்கம்மா கூலியாளைக் கூப்பிட்டாள். அவள் குரல் வெளியே வந்ததும் கூலியாள் தலைச்சுமையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அதே மாதத்தில் அவளைத் திரும்ப மைக்கில் உட்கார வைத்தார்கள். இத்தனை நாள் எடை அறையில் பேசாமல் இருந்ததில் தொண்டை ஆறிவிட்டது என்றார் மருத்துவர். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. மைக்கம்மா தெய்வத்துக்கு நன்றி சொன்னாள், அதுவும் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

பாலத்தக்காவுக்கு விழுந்தது காதில். அன்று முதல் எந்தச் சத்தமும் நடுவில் மெல்லிய கோட்டோடு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை கேட்டது. மகள் கூப்பிடுவதும், குக்கர் விசில் அடிப்பதும், மழையும் அப்படியே. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழகுவதற்கு ஒரு பருவம் ஆனது.

அதன்பிறகு ஒருநாள் அவள் தனியாக வெளியூருக்குப் போக நிலையத்துக்கு வந்தாள். மைக்கம்மா ரயில் வருவதை அறிவித்தாள். பயணிகள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். எல்லோருக்கும் முழுசாகக் கேட்ட அந்தக் குரல் அவளுக்கு மட்டும் இரண்டு தடவை கேட்டது. இரண்டும் நன்றாகவே இருந்தன. முதலில் வந்ததை நம்பி, பையை எடுத்துக்கொண்டு, அவள் சரியான நடைமேடைக்கு நடந்தாள்.