குட்டைச் சீவல்

கராஜில் கறுப்புக் கவுனோடு முழங்காலிட்டு, கம்ப்ரஸருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் மார்னி. அப்பாவின் சவப்பெட்டிக்குள் வைக்க அவர் கையால் செய்த சாமான் ஒன்றை எடுத்துவரும்படி அம்மா அனுப்பியிருந்தாள். பதினோரு மணிக்குச் சர்ச்சில் பெட்டியை மூடிவிடுவார்கள். மேசைமேல் கிடந்ததெல்லாம் அரைகுறை வேலை. அதைக் கொடுத்தனுப்பினால் அங்கே போயும் நிம்மதியில்லாமல் அரத்தைத் தேடுவார் அப்பா வெர்லின். நல்லதாக ஒரு பெட்ரோல் டாங்க் மூடி கம்ப்ரஸருக்குப் பின்னால் உருண்டு விழுந்தது அவளுக்கு நினைவிருந்தது.

கையில் அகப்பட்டது மூடி அல்ல. ஒரு சாண் நீள அலுமினியக் கட்டை. அதன் ஒரு முனையில் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தது.

இந்தக் கட்டை இங்கே இருக்கிறதென்றால், திங்கட்கிழமை எந்திரத்தில் ஏற்றியது எது?

வெர்லின் இரண்டு வகை அலுமினியம் வாங்குவார். கெட்டியானதற்குச் சிவப்பு முனை, மெதுவானதற்கு நீல முனை. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். அதனால் அந்தக் கராஜில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் அறுக்க வேண்டும். கட்டை தீரும்வரை நிறம் அதோடு இருக்கும். மூடி, பிடி போன்றவற்றுக்கு மெது அலுமினியம் போதும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்முக்குக் கெட்டி இல்லாமல் ஆகாது. போன மாதம் ஓர் அவசரத்தில் நீல முனையையே அறுத்து எறிந்தவள் மார்னிதான். மிச்சக் கட்டைக்கு அப்புறமாகப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடிக்கவில்லை. திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தில் கெட்டி என்று எடுத்தது அதைத்தானோ?

எழுந்து உலோகம் கடையும் எந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். நுரையீரல் நன்றாக இருந்த காலத்தில் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து அப்பா கட்டியது. இரும்புக் குழாய்க்குள் சிமென்ட் ஊற்றி நிறுத்திய தூண், தோட்டத்து நீரூற்றிலிருந்து கழற்றிய பம்பு, யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர். உலோகச் சீவல் தெறிக்காமலிருக்க வாத்துப் படம் போட்ட குளியலறைத் திரை. இண்டியானாவின் இந்த மூலையில் மண் தளத்தில் பந்தயக் கார் ஓட்டுகிற பாதிப் பேருக்கு இந்த வாத்துகளுக்குப் பின்னாலிருந்துதான், வெர்லின் என்று பேர் குத்தி, சாமான் போனது. ஒன்றுகூட உடைந்ததில்லை. நேற்றுத் துக்கம் கேட்க வந்தவர்களில் நாலு பேர், போகிறபோது, "நீ தொடர்ந்து செய்வேல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். செய்வேன் என்று சொல்லியிருந்தாள். தொழிற்சாலை வேலை போன பிறகு அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

திரையை விலக்கினாள். திங்கட்கிழமைச் சீவல் தட்டில் அப்படியே கிடந்தது. கெட்டி அலுமினியத்தில் துளை போட்டால் சீவல் உமி மாதிரி குட்டையாக உதிரும். தட்டில் கிடந்தவை சுருள் சுருளாக, விரல் நீளத்துக்கு இருந்தன.

அன்றைக்கு அப்பா சாப்பாட்டு அறையில் போட்ட கட்டிலில், மூக்கில் குழாயோடு கிடந்தார். இடதுபக்கத்து ஆர்மை ஞாயிற்றுக்கிழமையே முடித்தாகிவிட்டது. வலதுபக்கத்தது எந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்க உள்ளே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சீவல் எப்படி வருது?"

"குட்டையா வருதுப்பா."

"சத்தம் வேற மாதிரி இருக்கே."

"ஆக்ஸிஜன் மெஷின் சத்தத்தோட கேட்டா அப்படித்தான் இருக்கும். கண்ண மூடிப் படுங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. ஒன்பது நாளாகச் சரியாகத் தூங்காதவள், எந்திரத்தை ஓடவிட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா, "அப்ப சரி" என்று கையை விட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் ராய்ஸ் மாமா வந்து, அழுதுகொண்டே தன் பந்தயக் காருக்கான இரண்டு ஆர்மையும் எடுத்துப் போனார்.

மார்னி கட்டையோடு, அலமாரியிலிருந்து கண் மருந்துக் குப்பியையும் ரப்பர் கையுறையையும் எடுத்துக்கொண்டாள். குப்பியில் இருந்தது சாக்கடை அடைப்பு நீக்கும் காரக் கரைசல். சந்தேகம் வந்தால் அப்பா ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கெட்டி அலுமினியம் கறுக்கும். மெது அலுமினியம் வெள்ளையாகவே இருக்கும்.

சர்ச்சுக்குப் பின்பக்கம், டிரெய்லர்மேல் ராய்ஸ் மாமாவின் கார் நின்றது. கதவில் 'வெர்லினுக்காக' என்று புதுப் பெயிண்டில் எழுதியிருந்தது. அடக்கம் முடிந்த கையோடு ராய்ஸ் நேரே பந்தயத்துக்குப் போவதாக ஊருக்கே தெரியும். அம்மாவின் தம்பி. ஐம்பத்தாறு வயதாகியும் வேகம் குறையாதவர். கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு டிரெய்லர் பலகையில் சாய்ந்து நின்றார்.

"மாமா, இன்னிக்கு இந்த வண்டிய ஓட்டாதீங்க."

"உங்கம்மா சொல்லி அனுப்பினாளா? இருபது வருஷமா அவளுக்கு இதே பாட்டு."

"அம்மா இல்ல. வலதுபக்கத்து ஆர்ம் மெது அலுமினியமா இருக்கும்னு நெனைக்கிறேன்."

ராய்ஸ் சிரித்தார். "வெர்லினா? போம்மா. அந்த மனுஷன் பொண்டாட்டிய மாத்திக் கூட்டிட்டு வந்தாலும் வருவாரு, கட்டைய மாத்தி எடுக்க மாட்டாரு."

"அவரு எடுக்கல. நான் எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. அவள் கையிலிருந்த சிவப்பு முனைக் கட்டையைப் பார்த்தார். காருக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். சக்கரத்துக்குப் பின்னாலிருந்த ஆர்ம் வெளியே தெரிந்தது.

மார்னி கையுறையை மாட்டிக்கொண்டு இடதுபக்கம் ஒரு சொட்டு, வலதுபக்கம் ஒரு சொட்டு விட்டாள். இரண்டும் நுரைத்தன. சர்ச் அடித்தளத்தில் பெண்கள் உருளைக்கிழங்கும் சீஸும் சூடாக்குகிற வாசனை வந்தது. ராய்ஸ் தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். இடதுபக்கத்தைத் துடைத்தாள். கரிப் பொட்டு வைத்தாற்போல் கறுத்திருந்தது. வலதுபக்கத்தைத் துடைத்தாள். வெள்ளையாக இருந்தது.

ராய்ஸ் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூணாவது வளைவுல எனக்கும் செவுத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"கதவுல அவரு பேரை எழுதிக்கிட்டு, அவரு பேரு குத்தின சாமானால போயிருப்பேன்." "அவருக்குத் தெரியுமா?"

"கேட்டாரு. சத்தம் வேற மாதிரி இருக்கேன்னு கேட்டாரு. பாத்தேன்னு பொய் சொன்னேன்."

ராய்ஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்பானரையும் பழைய இரும்பு ஆர்மையும் எடுத்தார். வலதுபக்கத்து ஆர்மின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"சாயங்காலம் கேப்பானுங்க. வெர்லின் செஞ்சதை ஏன் கழட்டிட்டேன்னு. கழண்டு போச்சுன்னு எதையாச்சும் சொல்லி வைக்கிறேன்."

"வேணாம் மாமா. அப்பா செஞ்சதுல கோளாறுன்னு ஆயிடும். மார்னி கட்டைய மாத்தி வெட்டிட்டான்னு சொல்லுங்க."

"சொன்னா அப்புறம் ஒரு பய உங்கிட்ட வரமாட்டான். யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்."

அவளை ஏற இறங்கப் பார்த்தார் ராய்ஸ். கழற்றிய ஆர்மைக் கைக்குட்டையால் இன்னொரு முறை துடைத்து அவளிடம் நீட்டினார்.

உள்ளே, கடைசியாக முகம் பார்க்க வந்தவர்களின் வரிசை முடிந்திருந்தது. போதகர் புத்தகத்தோடு தயாராக நின்றார். அம்மா டோரீன் பெட்டியருகே நாற்காலியில் இருந்தாள்.

"எங்கடி போயிட்டே இவ்வளவு நேரம்? கெடைச்சுதா?"

மார்னி ஆர்மைக் காட்டினாள். டோரீன் அதை வாங்கி, விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு வழவழன்னு இருக்கு. கடைசியா செஞ்சதா?"

"இது அவரு செஞ்சதில்லம்மா. நான் செஞ்சது."

"இதுல அவரு பேரு இருக்கே."

"அதையும் நான்தான் குத்தினேன்."

டோரீனுக்குப் புரியவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆர்மைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பாவுக்கு யாரோ தலையைத் தப்பாக வகிடெடுத்து வாரியிருந்தார்கள். இப்படி விரல் நகத்தில் கறுப்பு இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. ஆர்மை அந்தக் கையோரமாக, பேர் தெரியும்படி வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"நீளமாத்தான் வந்துச்சுப்பா," என்றாள்.

"என்னது?" என்றாள் டோரீன்.

"ஒண்ணுமில்லம்மா."

போதகர் புத்தகத்தைத் திறந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாக, வெளியே ராய்ஸ் இரும்பு ஆர்மை முடுக்குகிற சத்தம் கேட்டது. அவர் வந்து சேரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.