பல் ஆஸ்பத்திரியில் வாட்டர் போலோ

அல்லிநகரம் பல் ஆஸ்பத்திரியில் காலியாக இருந்த ஒரே நாற்காலி கர்ணனுக்குப் பக்கத்தில் கிடந்தது. வேறு வழியில்லாமல், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி பாண்டீஸ்வரி அதில் உட்கார்ந்தாள். ஒரே வாய்க்காலில் இவள் வயல் தலைமடை, அவர் வயல் கடைமடை. முறைத் தண்ணீர் தகராறில் இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. வக்கீல்கள்தான் பேசிக்கொண்டார்கள்.

எதிரே டிவியில், நீச்சல் குளத்துக்குள் பந்து விளையாடும் வாட்டர் போலோ ஓடிக்கொண்டிருந்தது. ஹங்கேரிக்கும் செர்பியாவுக்கும் ஆகவே ஆகாதாம், நர்ஸ் சொன்னாள். கர்ணன் "விடாதடா ஹங்கேரி" என்றார். அந்த நிமிடமே பாண்டீஸ்வரி செர்பியா பக்கம் போய்விட்டாள்.

ஆட்டம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மேலே பார்த்தால் பந்துக்கு நீந்துகிறார்கள், தண்ணீருக்குள்ளே உதைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் நனையாமல் கரையிலேயே நடந்து விசில் ஊதுகிறார். வாய்க்கால் சண்டையை விசாரிக்க வரும் அதிகாரியும் அப்படித்தான் நடப்பார்.

அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். ஜென்மத்தில் முறையை விட்டுக்கொடுக்காத பாண்டீஸ்வரி, "அடுத்த ஆள அனுப்புங்க" என்றாள். அடுத்த ஆள் கர்ணன். அவரும் எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு கோலில் செர்பியா ஜெயித்தது. இரண்டு பக்கமும் கை குலுக்கி, மேலேறித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளம் நிறையத் தண்ணீர் அப்படியே கிடந்தது.

கர்ணன் அதையே வெறித்துப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தபடியே, "ஜெயிச்சும் மடையத் தெறக்காமப் போறாகளே?" என்றார்.

"கூறுகெட்ட பயலுக," என்றாள் பாண்டீஸ்வரி.