வேலாயியின் இடது உள்ளங்கை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், பின் சீட்டிலிருந்து வந்தது:

"கண்ண ஒபரேசன் பண்ணிட்டு வந்து பாக்குறேன்டி, அது யாரு கோழின்னு."

நான் திரும்பவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகத்தைப் பார்த்தால் ஓடிவிடும்.

பேசியவளுக்கு வேலாயி என்று பெயர் வைத்தேன். தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் அவளுடைய சிவப்புக் கோழி காணாமல் போனது. அதே வாரம், லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா பேச்சியம்மா வாசலில் ஒரு சிவப்புக் கோழி மேய்ந்தது. வேலாயிக்குத் தெரிந்ததோ ஒரு சிவப்புத் தீற்றல் மட்டும்.

2

('பனி மூடிய மலையைப் போல அவள் கண்களும்' என்று தொடங்கி அடித்துவிட்டேன். இங்கே எதை எழுதினாலும் பனி வந்து குந்திக்கொள்கிறது.)

இரத்தத்தில் சீனி கூட என்று கிளினிக்கில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் குறையாவிட்டால் ஒபரேசன் லிஸ்ட்டிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். துணைக்கு வந்தவள் பேச்சியம்மா. கோழி திருடியவள் துணைக்கு வருவாளா? எனக்கே சந்தேகம். வேலாயியிடம் கேட்டேன்.

"வராம? களவு வேற, தொணை வேறங்க."

3

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா அம்மா?" நர்ஸ் தனுஜா கேட்டாள்.

"ஒம்போது வருசமா ஒரு கரண்டி போட்டதில்ல மிஸ்."

"அப்ப எப்புடி இருநூத்தி எம்பது?"

"ஒங்க மெசினுக்கு என்மேல என்னா கோவமோ."

வேலாயி பொய் சொல்லவில்லை. அவள் பாலில்லாத சாயத்தண்ணிக்குள் சீனி போடுவதே இல்லை. இடது உள்ளங்கையில் கொட்டி, நக்கி நக்கிக் குடிப்பாள். லயமே அப்படித்தான் குடிக்கிறது. கையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

(இந்தத் தாளின் ஓரம் பிசுபிசுப்பதற்குக் காரணம் கேட்காதீர்கள்.)

இது பேச்சியம்மாவுக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒபரேசன் நடக்காது, கோழி தப்பும். பேச்சியம்மா பொல்லாத— இந்த இடத்தில் மூன்று நாள் பேனா நகரவில்லை. கடைசியில் அவளே பேசினாள்:

"மிஸ், அவ கையப் பாருங்க."

ரேகைக்குள் காலைச் சீனி மினுங்கியது.

"அடிப்பாவி! கோழியும் போச்சு, சீனியும் போச்சு!"

"மூனு கிழமை தாறேன்" என்றாள் தனுஜா. "கொறச்சிட்டு வாங்க. பேர வெட்டாம வைக்கிறேன்."

4

மூன்று கிழமையும், இருபத்தொரு நாளும், தேத்தண்ணி நேரத்தில் பேச்சியம்மா வந்து குந்தி, வேலாயியின் இடது கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி, கை வேர்க்குது."

"குடிச்சு முடி. விடுறேன்."

சீனி இறங்கியது. வலது கண்ணில் ஒபரேசனும் முடிந்தது. டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தனுஜா தமிழில் சொன்னாள்: "வில்லை மாத்தியாச்சு. ஆனா சீனி, கண்ணுக்குப் பின்னால இருக்கிற விழித்திரையையும் கெடுக்கும். கட்ட அவுத்தாத்தான் எவ்வளவு தெரியும்னு சொல்லலாம்."

(தெரியவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். வேலாயி கிழித்துவிட்டாள்.)

5

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் பேச்சியம்மா காத்திருந்தாள். மடியில் கோரையில் பின்னிய பன்பை, பைக்குள் கோழி.

"கொண்டாந்துட்டேன். ஒன் கோழிக்கு எடது கால்ல ஒரு வெரலு கோணல்னு சொன்னியே, பாத்துக்க."

வேலாயி கோழியைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஒன் மூக்குத்தியில கல்லு எங்கடி?"

"அது விழுந்து நாலு வருசமாச்சு."

வேலாயி விரலால் அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தேத்தண்ணி வாங்கிக் குடு. பொறகு பாப்போம் கோழிய."

சொல்லிவிட்டு, கேட்காமலே இடது கையை நீட்டினாள். பேச்சியம்மாவுக்கு அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பையை யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

இந்தாங்க, பையை நீங்கள் பிடியுங்கள். இடது கால் விரலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.