பதினாறின் உறைக்குள் பதினேழு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் நாவலை ஒலிப்புத்தகத்துக்காக வாசிக்கப் போன இடத்தில், மூன்றாம் பக்கத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த ஒலிப்பதிவாளர் அக்கா, நான் குடித்து முடிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் சொன்னது இது. பிறகு அவளுடைய தம்பியிடமும் போய்க் கேட்டேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அந்த இரண்டு ஜெர்மன் மைக்குகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போல—”

வேண்டாம். மைக்கைப் பிள்ளை என்றால் அப்புறம் அது அழும், அடம் பிடிக்கும். யார் பார்த்துக்கொள்வது?

2

நேராகவே சொல்கிறேன். அப்பா விட்டுப்போனது ஓர் ஒலிப்பதிவுக்கூடம். அதில் அறுபது வருடப் பழைய கண்டென்சர் மைக் இரண்டு. நிக்கல் பூசிய உறை, உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு. ஸ்விட்ச் போட்டு அரைமணி நேரம் சூடேற விட்டால்தான் வேலைக்கு ஆகும். உறையில் வெட்டியிருந்த எண்களில் ஒன்று 16 என்று முடியும், மற்றது 17.

அக்கா சின்ன வயதிலிருந்தே “பதினாறு என்னோடது” என்று சொல்லித் திரிந்தவள். அப்பா போன பிறகு பங்கு பிரித்தபோது கூடத்தோடு அதையே எடுத்துக்கொண்டாள். தம்பி பதினேழை எடுத்துப்போய் வேறு தெருவில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்தான்.

ஈரக்காற்று அடித்தால் தம்பியின் மைக் சருகை மிதித்ததுபோல் பொரியும். மழை நாளில் பாடுகிறவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அக்காவுடையது எந்த மழைக்கும் அசையவில்லை. தம்பி அவளோடு பேச்சை நிறுத்தினான். நாலு வருடம்.

[இங்கே தம்பியைப் பொறாமைக்காரனாக எழுதியிருந்தேன். நேரில் பார்த்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.]

3

ஒரு பியானோக்காரர் வந்தார். இரண்டு மைக்கும் ஜோடியாக வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறேன் என்றார். அக்கா மனதைக் கல்லாக்கிக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பெட்டியோடு வந்து நின்றான்.

“எங்க வைக்கணும்?”

“வலது பக்கம். பியானோவுக்கு ஒரு முழம் தள்ளி.”

அக்காவின் மைக்கில் சத்தமே வரவில்லை. அடியில் கேபிள் சேருகிற இடத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைத்து, வளையத்தைத் திருகி உறையை உருவினாள். அவள் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை. உள்சட்டத்தில், செய்தவர்களில் யாரோ பென்சிலால் எழுதிய எண். ஜெர்மன்காரர்கள் எழுதுகிறபடி, ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு.

உறையில் பதினாறு. உள்ளே பதினேழு.

அப்படியென்றால் நாலு வருடமாக அவள் பெருமையாகப் பயன்படுத்திய நல்ல மைக், எண்ணின்படி தம்பியுடையது. இரண்டையும் கழற்றித் துடைத்தவர் அப்பா ஒருவர்தான். திரும்ப மூடும்போது கை மாறியிருக்கலாம். இல்லையென்றால், மகள் எப்படியும் பதினாறைத்தான் கேட்பாள் என்று தெரிந்துகொண்டு, நல்லதை அந்த உறைக்குள்—

இந்த வாக்கியத்தை ஏழு தடவை முடிக்கப் பார்த்தேன். அக்காவாலும் முடியவில்லை.

4

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

இங்கே எனக்கு இரண்டு கதை கிடைத்திருக்கிறது. அக்கா சொன்னபடி, அவள் உடனே மைக்கை நீட்டி, “இது உன்னோடதுடா” என்றாள். தம்பி சொன்னபடி, அவள் அவசரமாக உறையை மாட்டப் போனாள். அவன்தான் “இரு, மாட்டாத” என்றான். யாரை நம்புவது? அக்கா கையால் வெந்நீர் வாங்கிக் குடித்தவன் நான். என் சாட்சி செல்லாது.

அடுத்து நடந்ததில் இருவருக்கும் பேதமில்லை.

“தெரியும்க்கா. கொண்டுபோன வாரமே என்னோடதத் திறந்துட்டேன். உள்ள பதினாறு இருந்துச்சு.”

“அப்பவே ஏண்டா கேக்கல?”

“கேட்டா குடுத்துடுவ. மைக்கா பெருசு? அப்பா தெரிஞ்சே செஞ்சாரான்னுதான் எனக்கு. அத நீ எப்படிச் சொல்லுவ?”

“அதுக்கு எங்கிட்ட ஏண்டா பேசாம இருந்த?”

அவன் கேபிளைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். “அது எனக்கே புரியலக்கா.”

(இந்தப் பதிலை மெருகேற்றிப் பார்த்தேன். கெட்டுப்போனது. அவன் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.)

5

அழுக்கைத் துடைத்து மூடியதும் மைக்கில் சத்தம் வந்தது; பதிவு நன்றாகவே முடிந்தது. பியானோக்காரர் போன பிறகு இரண்டு மைக்கையும் திறந்தார்கள். உருவிய உறைகள் இரண்டும் உள்பாகங்கள் இரண்டும் மேசைமேல் கிடந்தன.

முதல் வரைவில் அக்கா நல்லதைத் தம்பி கையில் திணிக்கிறாள், நியாயம் ஜெயிக்கிறது. இரண்டாவதில் தம்பி, “அப்பா குடுத்தது அப்படியே இருக்கட்டும்” என்கிறான்; பெருந்தன்மை ஜெயிக்கிறது. மூன்றாவதில் இரண்டு ஸ்டுடியோவும் ஒன்றாகி— பொய். ஒன்றாகவில்லை.

நடந்தது இதுதான். “நீ எடு”, “நீ எடுக்கா” என்று கால்மணி நேரம் இழுபறி. கடைசியில் அக்கா சலித்துப்போய் விளக்கை அணைத்தாள். ஜன்னலே இல்லாத கூடம், பட்டப்பகலிலும் கும்மிருட்டு. இருவருமாகத் தடவித் தடவி இடம் மாற்றி வைத்தார்கள். எது எது என்று குழம்பியபின் ஆளுக்கொரு உறையை மாட்டி, வளையத்தைத் திருகினார்கள். இருட்டில் யாரோ முதலில் சிரித்தார்கள். அது அவன்தான் என்கிறாள் அவள். அவள்தான் என்கிறான் அவன்.

இப்போது தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

“பொரியுதா?”

“இல்லடா. உனக்கு?”

“இல்லக்கா.”

அதற்குப் பிறகு இன்னும் மழை பெய்யவில்லை. பெய்தால் யாரிடம் எது என்று தெரிந்துவிடும். இதை எழுதும்போது மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. நான் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறேன். நனைய மனமுள்ளவர்கள் மேலே எழுதிக்கொள்ளலாம்.