புருவம் தூக்கியவள்

மணிலாவில் மயக்க மருந்துப் பயிற்சியின் மூன்றாம் வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டு புருனேவுக்கு வந்தவள் நான். "போனா போனதுதான் மாரிவிக். இந்தக் கதவு மறுபடி திறக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் துறைத் தலைவி என்னை விடுவித்தார். இங்கே ஆறு மாதம் சோதனைக் காலம். கடைசியில் இங்குள்ள மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் டாக்டர் நோர்டின் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் பயிற்சியைத் தொடரலாம். போடாவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தப் பயத்தில் ஆறு மாதமாக எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

டாக்டர் நோர்டின் கெட்டவர் இல்லை. பலர் முன்னால் யாராவது தன்னைத் திருத்தினால் மட்டும் முகம் கல்லாகிவிடும். எனக்கு முன்னால் எங்கள் நாட்டுச் செபு தீவிலிருந்து வந்த ஒருவன் அப்படித் திருத்தப் போய்த்தான் மூட்டை கட்டினான் என்று நர்ஸ்கள் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நான் நம்பினேன்.

சோதனைக் காலத்தின் கடைசி வாரம். செவ்வாய்க்கிழமை காலை நெலியாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. எங்கள் நாட்டு இலோய்லோ ஊரிலிருந்து இங்கே வீட்டு வேலைக்கு வந்த பெண். அறுவை அறையில் படுக்கையில் கிடந்த அவளிடம் டாக்டர் நோர்டின் குனிந்து கேட்டார்.

"ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

அவள் வாய் திறக்கவில்லை. இரண்டு புருவத்தையும் ஒரு தடவை தூக்கி இறக்கினாள்.

"ஒண்ணுமில்லையா? நல்லது" என்று மயக்க மருந்து ஊசியைக் கையில் எடுத்தார்.

எங்கள் நாட்டில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தம். உப்பு இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரனின் புருவம்தான் பதில் சொல்லும். இவரோ அதை இல்லை என்னும் பயந்த முழியாக எடுத்துக்கொண்டார். வயிற்றில் சோற்றோடு மயங்கினால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும். ஆளே போய்விடலாம்.

சொல்லத்தான் வேண்டும். வாய் வரவில்லை. அவள் நிஜமாகவே மிரண்டு போய்த் தூக்கியிருந்தால்? எல்லார் முன்னாலும் அவரை நிறுத்தி, அது தப்பாகவும் போய்விட்டால், அந்தத் தாள் என்னாகும்? நான் அவளுக்கு வைக்க வேண்டிய ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்தபடி நின்றேன். அவர் ஊசியைக் குழாயில் பொருத்தினார். கட்டை விரல் அழுத்தப் போனது.

"நிறுத்துங்க சார்! அவ சாப்பிட்டிருக்கா." என் குரல் கீச்சிட்டது.

"உனக்கு யார் சொன்னா?"

"அவளேதான் சார். புருவத்தத் தூக்குனாளே. எங்க ஊர்ல அது ஆமாம்."

கத்தியோடு காத்திருந்த சர்ஜன் சிரித்தார். "அடுத்து மூக்கு என்ன சொல்லுதுன்னு கேளும்மா."

டாக்டர் நோர்டின் சிரிக்கவில்லை. நெலியாவிடம் திரும்பி மறுபடி கேட்டார்.

"இல்ல சார், சாப்பிடல" என்றாள் இப்போது. உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பாஷையில் படபடத்தாள். "அக்கா, காட்டிக்குடுத்துடாதீங்க. காலைல மேடம் வீட்டுப் புள்ளைங்களுக்குச் சமைக்கறப்ப பசி தாங்காம கொஞ்சம் சோறும் கருவாடும் தின்னுட்டேன். மேடம் வியாழக்கிழமை வரைக்கும்தான் லீவு குடுத்திருக்காங்க. இன்னைக்கு நடக்கலன்னா ஊருக்கு ஏத்தி விட்டுடுவாங்க."

"என்ன சொல்றா?" என்றார் டாக்டர் நோர்டின்.

அத்தனையையும் அப்படியே சொன்னேன். நெலியா என் கையை உதறினாள்.

அறுவை அடுத்த வாரத்துக்குப் போனது. படுக்கையை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "உங்களுக்கென்னக்கா, நீங்க டாக்டர். உங்கள யாரு திருப்பி அனுப்பப் போறா?"

மத்தியானம் டாக்டர் நோர்டின் என்னை அறைக்குக் கூப்பிட்டார். போய் நின்றேன். அவர் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். நெலியாவின் மேடத்துக்குத் தானே கடிதம் எழுதுவதாகவும் சொன்னார்.

"பெரிய பழி வந்திருக்கும். நல்ல வேளை, பாத்த உடனே சொல்லிட்ட."

உடனே சொல்லவில்லை. அவள் புருவம் தூக்கியதற்கும் என் வாய் திறந்ததற்கும் நடுவே அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷம் முழுக்க நான் இந்தத் தாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவளை அல்ல.

"தேங்க் யூ சார்" என்று வாங்கிக்கொண்டேன்.